தெரிந்துகொள்ள வேண்டாம் என்று இருந்துவிட்ட சமயங்கள்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

மூடிய உறை

11 நாளாக ஒரு மின்னஞ்சலைத் திறக்காமல் வைத்திருக்கிறேன். ரத்தப் பரிசோதனை முடிவு. "உங்கள் அறிக்கை தயார்" என்று தலைப்பிலேயே இருக்கிறது.

நேரமில்லை என்று சொன்னால் பொய். இதே 11 நாளில் தள்ளுபடி விளம்பரங்களைக்கூட வரிவிடாமல் படித்திருக்கிறேன். மூன்று வருடத்துப் பழைய அஞ்சல்களை உட்கார்ந்து அழித்திருக்கிறேன். அந்த ஒன்று மட்டும் தடித்த எழுத்தில் அப்படியே நிற்கிறது. அதன்மேல் விரல் பட்டுவிடாமல் திரையைத் தள்ளுவதில் எனக்கு இப்போது நல்ல பயிற்சி.

இத்தனைக்கும் பரிசோதனைக்கு என்னை யாரும் அனுப்பவில்லை. உடம்பில் ஏதோ சரியில்லை என்று நானாகத்தான் போனேன். ஊசி குத்தும்வரை தெரிந்தே ஆகவேண்டும் என்று இருந்தவன், இனி தெரிந்துகொள்ளலாம் என்று ஆனதும் பின்வாங்கிவிட்டேன். உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாதுதான். ஆனால் நல்ல செய்தி என்று நம்பியிருந்தால் அன்றைக்கே திறந்திருப்பேனே? ஆக, "தெரியாது" என்று நான் சொல்வதிலும் கொஞ்சம் கலப்படம் இருக்கிறது.

இப்படி இருந்தவர்கள், இப்படி இருந்தவர்களோடு வாழ்ந்தவர்கள், நடந்ததை எழுதுங்கள். அறிவுரை மட்டும் வேண்டாம். அதை நானே தினமும் எனக்குச் சொல்லிக்கொள்கிறேன்.

நேர்வழி

சீக்கிரம் திறங்க சார்.

அரைக்கிலோ

உங்கள் அளவுக்குப் பெரிய விஷயமில்லை. எங்கள் வீட்டு எடை இயந்திரத்தின் பேட்டரியைக் கழற்றி ஒளித்து வைத்தவர் யார் என்று வீட்டில் ஒரு விசாரணையே நடந்தது. நான்தான். விசாரணையைத் தொடங்கி வைத்ததும் நான்தான்.

பழைய பேரேடு

கணக்குத் தணிக்கையில் 20 வருடத்துக்கு மேல் இருந்தவன். என் தொழிலில் நான் பார்த்த பெரிய திறமை கணக்குப் போடுவது இல்லை, கேள்வி கேட்காமல் இருப்பது.

ஒரு நிறுவனத்தில் ஒரு மேலாளர். ஒரு கிளையின் சரக்கிருப்பு மூன்று காலாண்டாக ஏட்டோடு ஒத்துப்போகவில்லை. நான் எழுதி அனுப்பினேன். "இதையெல்லாம் அஞ்சலில் போடாதீர்கள், நேரில் பேசலாம்" என்றார். நேரில் போனேன். "ஆண்டு முடிவுக் கணக்கு முடியட்டும்" என்றார். முடிந்த பிறகு போனேன். அப்போது அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "நீங்கள் சொல்ல வருவது எனக்குப் புரிகிறது. அதனால்தான் சொல்ல வேண்டாம் என்கிறேன்."

பிறகு விஷயம் வெடித்தபோது, விசாரித்தவர்கள் முன்னால் அவர் சொன்ன ஒரே வாக்கியம், "எனக்கு யாரும் எதுவும் தெரிவிக்கவில்லை." எழுத்துப்படி உண்மை. தெரிவிக்க வந்தவனைத்தான் மூன்று தடவை வாசலிலேயே நிறுத்தியாயிற்றே.

சட்டம் இதைக் கவனிக்காமல் இல்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் 2011இல் ஒரு வழக்கு. ஒரு நிறுவனம், இன்னொருவர் காப்புரிமை வைத்திருந்த மின்பொரிப்புச் சட்டியை வாங்கி அப்படியே நகலெடுத்தது. அப்புறம் ஒரு வழக்கறிஞரை அமர்த்தி, "எங்கள் சட்டி யாருடைய காப்புரிமையையாவது மீறுகிறதா என்று பாருங்கள்" என்றது. எதைப் பார்த்து நகலெடுத்தோம் என்பதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை. அவரும் தேடிவிட்டு ஒன்றும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். நீதிமன்றம் இரண்டு விஷயங்களைப் பார்த்தது. உண்மை இப்படித்தான் இருக்கும் என்று உள்ளூர பலமாக நம்பினாயா? அதை உறுதி செய்துகொள்ளாமல் இருக்க வேண்டுமென்றே ஏதாவது செய்தாயா? இரண்டுக்கும் ஆம் என்றால், தெரிந்தே செய்ததற்குச் சமம்.

உறை ஐயா, உங்களுக்கு இந்த இரண்டும் பொருந்துகிறது. ஆனால் உங்கள் வழக்கில் குற்றவாளியும் நீங்கள், பாதிக்கப்பட்டவரும் நீங்கள். அதனால் என் மேலாளரோடு உங்களைச் சேர்க்க மாட்டேன்.

இரவுப் பணி

மருத்துவமனையில் மரபணு ஆலோசனைப் பிரிவில் செவிலியராகச் சில ஆண்டுகள் இருந்தேன். யாரென்று தெரியாதபடி விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.

ஹண்டிங்டன் என்று ஒரு நோய். மூளை நரம்பணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாக அழியும். பெரும்பாலும் 30இலிருந்து 50 வயதுக்குள் தொடங்கும். குணப்படுத்த மருந்து இல்லை. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் 50 சதவீத வாய்ப்பு. காரணமான மரபணுவை 1993இல் கண்டுபிடித்தார்கள். அதிலிருந்து, நோய் தொடங்குவதற்குப் பல வருடம் முன்பே ரத்தத்தில் பார்த்துச் சொல்லிவிட முடிகிறது. அப்படி ஒரு பரிசோதனை வருவதற்கு முன்னால் இந்தக் குடும்பங்களில் கேட்டபோது பெரும்பாலோர் "வந்தால் கட்டாயம் செய்துகொள்வோம்" என்றார்கள். வந்த பிறகு செய்துகொண்டவர்கள் பல நாடுகளில் ஐந்தில் ஒருவருக்கும் குறைவு. ஊசி வரைக்கும் போய்விட்டுப் பின்வாங்கியது நீங்கள் மட்டும் இல்லை.

எங்களிடம் 20களின் நடுவில் ஒரு பெண் வந்தாள். அவள் தாத்தாவுக்கு, அதாவது அம்மாவின் அப்பாவுக்கு, அந்த நோய். அம்மா பரிசோதனை செய்துகொள்ளவில்லை, செய்துகொள்ளவும் மாட்டேன் என்று உறுதியாக இருந்தார். மகளுக்குக் குழந்தை பெற ஆசை, அதற்கு முன் தெரிய வேண்டும். இதில் உள்ள முடிச்சைப் பாருங்கள். மகளுக்கு இருக்கிறது என்றால் அது அம்மா வழியாகத்தான் வந்திருக்க முடியும். மகளின் ரத்தத்தை எடுத்தால் அம்மாவின் தலையெழுத்தையும் சேர்த்துப் படித்ததாகிவிடும்.

இருவரும் எங்கள் முன்னால் உட்கார்ந்து பேசினார்கள். "நீ செய்துகொள். எனக்குச் சொல்லாதே, அவ்வளவுதான்" என்றார் அம்மா. மகள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "இல்லை என்று வந்தால் நான் ஓடி வந்து சொல்லிவிடுவேனே அம்மா. அப்போது நான் பேசாமல் இருந்தாலே உனக்குத் தெரிந்துவிடும்" என்றாள். அந்த அறையில் இருந்த மருத்துவர் உட்பட யாருக்கும் அது அதுவரை தோன்றவில்லை. கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். எது வந்தாலும் சொல்லக் கூடாது. கெட்டதை மட்டுமில்லை, நல்லதையும் மறைக்க வேண்டும். சந்தோஷப்படுவதென்றால்கூட வேறு எங்காவது போய்ப் பட வேண்டும்.

முடிவு வாங்க மகள் தனியாக வந்தாள். அரை மணி நேரம் உள்ளே இருந்தாள். வெளியே வந்ததும் முகம் கழுவப் போனாள். வெகுநேரம் கழுவினாள். கீழே வண்டியில் அம்மா காத்துக்கொண்டிருந்தார்.

என்ன முடிவு என்று நான் எழுதப் போவதில்லை. படித்துக்கொண்டு வந்த உங்களுக்குத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று இருந்ததல்லவா? நமக்கில்லாத வலி என்றால் உறையைக் கிழிக்க நமக்குக் கை தயங்குவதே இல்லை.

இன்னொன்று. டிஎன்ஏவின் வடிவத்தைக் கண்டுபிடித்த இருவரில் ஒருவரான ஜேம்ஸ் வாட்சனின் மரபணுத் தொகுதியை 2007இல் முழுவதும் படித்து வெளியிட்டார்கள். ஒரே ஓர் இடத்தை மட்டும் தனக்கே சொல்ல வேண்டாம், வெளியிடவும் வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார். அல்சைமர் நோய் வரும் வாய்ப்பைக் காட்டும் மரபணு அது. அவருடைய பாட்டி ஒருவருக்கு அந்த நோய் இருந்தது. அவர் பயந்தார் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தெரிந்து எதுவும் செய்ய முடியாத ஒன்றை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

உங்கள் உறை அந்த வகையா என்பதை மட்டும் யோசியுங்கள். ரத்தப் பரிசோதனையில் தெரியவரும் பெரும்பாலானவற்றுக்கு வைத்தியம் இருக்கிறது. அறிவுரை வேண்டாம் என்றீர்கள், மன்னிக்கவும்.

சிவப்பு அம்பு

பங்குச் சந்தையில் கொஞ்சம் பணம் போட்டிருக்கிறேன். ஏறுகிற நாளில் செயலியை ஒரு நாளைக்குப் பத்துத் தடவை திறப்பேன். 2020 மார்ச்சில் உலகம் முழுக்கச் சந்தை விழுந்தபோது செயலியையே அழித்துவிட்டேன். கைபேசியில் இடம் போதவில்லை என்று மனைவியிடம் காரணம் சொன்னேன். அவள் கேட்கவே இல்லை, நானாகச் சொன்னேன்.

இதற்கு ஆராய்ச்சியாளர்கள் நெருப்புக்கோழி விளைவு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சந்தை இறங்கும்போது மக்கள் தங்கள் கணக்கைத் திறந்து பார்ப்பது குறைகிறது என்று கார்ல்சன், லோவன்ஸ்டைன், செப்பி என்ற மூவர் 2009இல் எழுதினார்கள். அந்தக் கோழி பாவம். அது மண்ணில் தலையைப் புதைப்பதே இல்லை. தரையில் தோண்டிய கூட்டில் முட்டைகளைப் புரட்டக் குனிவதைத் தூரத்திலிருந்து யாரோ பார்த்துக் கட்டிய கதை.

நம்மிடம் கண்ணை மூடிய பூனை இருக்கிறது. இரண்டும் ஒன்று என்று நினைத்திருந்தேன், இல்லை. நெருப்புக்கோழி பயத்தில் ஒளிகிறது. நம் பூனை பால் குடிக்கும்போது கண்ணை மூடுகிறது. அதற்குப் பயம் இல்லை, பால்தான் வேண்டும். பேரேடு ஐயாவின் மேலாளர் பூனை. நான் கோழி. அப்படித்தான் இப்போதைக்கு என்னைத் தேற்றிக்கொள்கிறேன்.

சிவப்பு மை

எல்லோரும் குற்ற உணர்ச்சியோடு எழுதுகிறீர்கள். நான் பெருமையோடு எழுதுகிறேன். ஆசிரியை. விடைத்தாளின் முன்பக்கத்தை மடித்துவிட்டுத்தான் திருத்துவேன், பெயர் கண்ணில் படக் கூடாது. முன்பு அப்படிச் செய்ததில்லை. ஒரு முறை ஒரே மாதிரி எழுதிய இரண்டு தாளுக்கு இரண்டு மதிப்பெண் போட்டிருந்ததை ஒரு மாணவி பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். என்னிடம் பதில் இல்லை. நன்றாகப் படிப்பவன் எழுதினால் "சொல்ல வந்தது புரிகிறது" என்று போட்டுவிடுகிறேன், மற்றவன் எழுதினால் "தெளிவில்லை". மருந்துச் சோதனையில் யாருக்கு உண்மையான மாத்திரை என்று மருத்துவருக்கே தெரியாமல் வைப்பதும் இதற்குத்தானே.

கையெழுத்து தெரிந்துவிடுகிறது, அதற்குத்தான் இன்னும் வழி கிடைக்கவில்லை.

மறு ஒளிபரப்பு

நல்ல செய்தியைக்கூடத் தள்ளிப்போடும் ஆள் நான். இரவில் நடந்த ஆட்டத்தை மறுநாள் மாலை பார்ப்பதற்காக அலுவலகத்தில் காதில் பஞ்சு வைக்காத குறை. என் அணி ஜெயித்திருந்தாலும் சொல்லக் கூடாது. கிறுக்கு என்றார்கள். அப்புறம் ஓர் ஆய்வு பற்றிப் படித்தேன். ஜெர்மனியிலும் ஸ்பெயினிலும் 2,000 பேருக்கு மேல் கேட்டு கிகரென்சரும் கார்சியா ரெட்டமெரோவும் 2017இல் வெளியிட்டது. வரப்போகும் கெட்டதை முன்கூட்டித் தெரிந்துகொள்ள வேண்டாம் என்றவர்கள் 85இலிருந்து 90 சதவீதம். நல்லதையும் வேண்டாம் என்றவர்கள் 40இலிருந்து 70 சதவீதம். எல்லாவற்றையும் தெரிந்துகொள்ள வேண்டும் என்றவர்கள் 1 சதவீதம்தான். அலுவலகத்தில் அந்த 1 சதவீதம் முழுவதும் என் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருக்கிறது.

அதிர்வு

பொறியாளன். எங்கள் தலைமைப் பொறியாளர் வடிவமைத்த ஓர் இயந்திரத்தில் குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் அதிர்வு கூடியது. அளந்து வரைபடம் போட்டு எடுத்துப் போனேன். "அதை என் மேசையில் வைக்காதே" என்றார். கோபமில்லை, கெஞ்சல் மாதிரி இருந்தது. எனக்கு அப்போது அவர்மேல் வெறுப்பு வந்தது.

கலிலியோவின் நண்பர் ஒருவர், பாதுவா பல்கலைக்கழகத்தில் தத்துவம் கற்பித்த கிரெமோனினி. தொலைநோக்கி வழியாக வானத்தைப் பார்க்க மறுத்தவர். அந்தக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் தலை குழம்புகிறது என்றாராம். நான் படித்த காலத்தில் அவரை ஒரு நகைச்சுவைப் பாத்திரமாகத்தான் நினைத்தேன். அப்போது அவருக்கு 60 வயது இருக்கும், அரிஸ்டாட்டிலைப் பல பத்தாண்டுகளாகச் சொல்லிக் கொடுத்திருந்தார் என்று பிறகு தெரிந்தது. குழாய்க்குள் ஒரு தடவை எட்டிப் பார்த்தால் அத்தனை வருடமும் போச்சு.

போன மாதம் ஒரு சின்னப் பையன், வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆகவில்லை, என் கணக்கில் ஒரு பிழை இருக்கிறது என்று வந்து நின்றான். "மதியம் பார்க்கலாம்" என்றேன். மதியம் எனக்கு வேறு எந்த வேலையும் இல்லை. பார்க்கவில்லை. மறுநாள்தான் பார்த்தேன். அவன் சொன்னது சரி.

அரைக் கண்

சிவப்பு அம்பு சொன்ன பூனையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பூனைகள் அத்தனை கெட்டவை இல்லை, அதுதான் சிக்கல்.

டானா, வெபர், குவாங் என்ற மூவர் 2007இல் வெளியிட்ட ஒரு சோதனை. உங்கள் முன்னால் இரண்டு தேர்வுகள். ஒன்றில் உங்களுக்கு 6 டாலர், முகம் தெரியாத இன்னொருவருக்கு 1 டாலர். மற்றதில் இருவருக்கும் ஐந்தைந்து. இப்படி வெளிப்படையாக வைத்தபோது நான்கில் மூன்று பேர் ஐந்தைந்தைத்தான் எடுத்தார்கள். அப்புறம் ஒரு சின்ன மாற்றம். உங்களுக்கு எவ்வளவு என்பது தெரியும், மற்றவருக்கு எவ்வளவு என்பது மறைந்திருக்கும். ஒரு பொத்தானை அழுத்தினால் தெரிந்துவிடும். செலவு இல்லை, நேரமும் ஆகாது. ஏறக்குறைய 44 சதவீதம் பேர் அழுத்தவில்லை. ஆறை எடுத்துக்கொண்டு போனவர்கள் மிக அதிகமானார்கள். தெரிந்தால் நியாயமாக நடக்க வேண்டியிருக்கும், அதனால் தெரிந்துகொள்ளவில்லை.

நான் அந்தப் பொத்தானை இரண்டு வருடம் அழுத்தாமல் இருந்தேன். நான் வேலை செய்யும் இடத்தைச் சுத்தம் செய்யும் அம்மா ஒருவர். நான் காலையில் போகும்போது தரை காய்ந்திருக்கும். எத்தனை மணிக்கு வருகிறார், எப்படி வருகிறார், கேட்டதே இல்லை. தினமும் சிரிப்போம், நலம் விசாரிப்போம். "சாப்பிட்டீங்களா அம்மா?" என்று கேட்பேன், பதிலுக்கு நிற்க மாட்டேன். கேட்டால் ஏதாவது செய்ய வேண்டி வரும் என்று எனக்குள் எங்கோ தெரிந்திருக்கிறது. ஒரு நாள் வேலையாகச் சீக்கிரம் போனபோது, விடியுமுன் இருட்டில் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். கதவு திறக்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. அவர் வரும் வண்டியை விட்டால் வேலை நேரத்துக்கு வந்து சேர வேறு வண்டி இல்லையாம். இரண்டு வருடமாக அந்தப் படியில்தான் உட்கார்ந்திருக்கிறார். ஒரு சாவி கொடுத்தால் தீர்ந்துபோகிற விஷயம். கொடுக்க வைத்தேன், அரை நாள் கூட ஆகவில்லை.

"நீங்கள் முன்னாடியே சொல்லியிருக்கலாமே அம்மா" என்றேன். "நீ கேட்கலையேம்மா" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை.

மூன்றாமவன்

அம்மா இறந்த பிறகு அலமாரியில் 14 நோட்டுகள் இருந்தன. நாட்குறிப்பு எழுதுவார் என்றே எங்களில் யாருக்கும் தெரியாது. நாங்கள் மூன்று மகன்கள். பெரியவர் எரித்துவிடலாம் என்றார். தம்பி படிக்கலாம் என்றான். அவன் ஜெர்மனியை இழுத்தான். கிழக்கு ஜெர்மனியின் உளவுத்துறை ஸ்டாசி விட்டுப்போன கோப்புகள், அடுக்கி வைத்தால் 111 கிலோமீட்டர் நீளம். 1992 ஜனவரியிலிருந்து தன்னைப் பற்றிய கோப்பை யாரும் கேட்டுப் படிக்கலாம் என்று திறந்துவிட்டார்கள். லட்சக்கணக்கானவர்கள் படித்தார்கள், உலகம் அழிந்துவிடவில்லையே என்றான். அதே கோப்புகளில் தன் கணவரே தன்னை உளவு பார்த்ததைக் கண்டுபிடித்த பெண்ணும் உண்டு, படிக்கவே வேண்டாம் என்று இருந்துவிட்டவர்களும் நிறையப் பேர் என்றார் பெரியவர். சாவு வீட்டில் பேசுகிற பேச்சா என்று சித்தி திட்டினார்.

முடிவாகாமல் நோட்டுகள் என்னிடம் வந்தன. ஒரே ஒரு பக்கத்தைத் திறந்தேன், அதுவும் நடுவிலிருந்து. பால் கணக்கு, மாத்திரை வாங்கிய கணக்கு, அதற்குக் கீழே ஒரு வரி. "இன்றும் அவன் கூப்பிடவில்லை."

மூன்று மகன்கள். எந்த அவன் என்று போடவில்லை. தேதி இருந்தது. அந்த மாதம் யார் எங்கே இருந்தோம் என்று யோசித்தால் கண்டுபிடித்துவிடலாம், ஐந்து நிமிட வேலை. தேதியை மறக்க முயற்சி செய்துகொண்டிருக்கிறேன். மறக்க முயன்றதிலேயே மனப்பாடம் ஆகிவிட்டது.

தம்பியிடம் நான் திறந்ததைச் சொல்லவில்லை. அவனுக்கு அது அவனாக இருந்துவிடக் கூடாது என்று. எனக்கு நானாக.

நேர்வழி

சார், திறந்தீங்களா?

மூடிய உறை

எல்லாம் படித்தேன். அந்த அம்மாவும் மகளும் மூன்று நாளாக என்னோடுதான் இருக்கிறார்கள். நல்ல செய்தியையும் மறைத்தாக வேண்டும் என்ற இடத்தை மனைவிக்குப் படித்துக் காட்டலாமா என்று யோசித்தேன். படித்துக் காட்டினால் இதை ஏன் படிக்கிறேன் என்று சொல்ல வேண்டும். நேற்று இரவு சொல்லிவிட்டேன். பரிசோதனைக்குப் போனது, அஞ்சல் வந்தது, திறக்காதது, எல்லாம்.

"தெரியும்" என்றாள்.

அந்த மின்னஞ்சல் அவள் பயன்படுத்தும் மடிக்கணினியிலும் வருமாம். வந்த அன்றே தலைப்பைப் பார்த்திருக்கிறாள். "நீங்கள் படித்துவிட்டு எனக்குச் சொல்லாமல் இருக்கிறீர்கள் என்று நினைத்தேன். தடித்த எழுத்தில் இருந்ததைப் பார்த்த பிறகுதான் நீங்களும் படிக்கவில்லை என்று தெரிந்தது. தினமும் காலையில் அது இன்னும் தடித்து இருக்கிறதா என்று பார்ப்பேன்."

"நீ ஏன் திறக்கவில்லை?"

"நான் திறந்தால் எழுத்து மெலிந்துவிடுமே. உங்களுக்குத் தெரிந்துவிடும்."

பேரேடு ஐயா, பாதிக்கப்பட்டவர் நான் மட்டும்தான் என்று எழுதியிருந்தீர்கள். அதைக் கொஞ்சம் திருத்திக்கொள்ள வேண்டும்.

இப்போது காலை ஏழு மணி. மேசையில் மடிக்கணினி திறந்திருக்கிறது. அவள் கண்ணாடியை எங்கே வைத்தாள் என்று தேடிக்கொண்டிருக்கிறாள். எனக்கு அது எங்கே இருக்கிறது என்று தெரியும். இன்னும் ஒரு நிமிடம் கழித்துச் சொல்கிறேன்.